விருந்தாளியின் ஓட்டம்

பேசுகிறவனின் மூச்சு நிதானமாக இருந்தது. திரையில் ஓடிய நாடித்துடிப்பு அப்படி இல்லை.

அவள் அதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடற்பயிற்சி வாட்ச் விற்கிற ஒரு நிறுவனத்தின் உதவி மையத்தில் வேலை. இப்படி ஏறுக்கு மாறாக எதையாவது பார்ப்பது அங்கே புதிது அல்ல. குளிக்கும்போது வாட்சை நாயின் கழுத்தில் மாட்டிவிட்டு, ஒரே நாளில் உடம்பு இளைத்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டவர்களிடம் எல்லாம் பேசியிருக்கிறாள். அலுவலகத்தில் அவளுக்குப் 'பொறுமை' என்று பேர். கத்துகிறவர்கள், அழுகிறவர்கள், வாட்சைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு எழுத்து தலைகீழாகத் தெரிகிறது என்று சண்டை பிடிக்கிறவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி அவளுடைய லைனுக்குத்தான் வந்து சேருவார்கள். காது மந்தமான மாமியாரோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தியதில் வந்த பொறுமை அது. சொன்னதையே மறுபடி சொல்வதில் அவளுக்கு அலுப்பே கிடையாது.

வெளியே மழை. சாயங்கால வெளிச்சம் கண்ணாடிச் சுவரில் அழுக்குத் தண்ணீர்போல வடிந்துகொண்டிருந்தது. பாதிப் பேர் தேநீருக்கு எழுந்து போயிருந்ததால் அந்தப் பெரிய கூடத்தில் ஏசி சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. ஹெட்செட்டின் பஞ்சில் முந்தைய ஷிஃப்டில் உட்கார்ந்திருந்த யாருடைய ஷாம்பூ வாசனையோ ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அழைத்தவன் தன்மையாகப் பேசினான். தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருந்தால் எப்படிப் பேசுவார்களோ அப்படி ஒரு குரல். தான் ஓட்டப் பயிற்சி கொடுப்பதாகச் சொன்னான். தன் கணக்கில் இரண்டு வாட்ச் இருப்பதாகவும், ஒன்று தன் கையில், இன்னொன்று பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு என்றும், தன்னுடையதில் பதிவது ஒழுங்காகப் போனில் இருக்கும் ஆப்புக்கு வந்துவிடுகிறது, மற்றதில் ஓடியது எதுவும் வந்து சேரவில்லை என்றும் சொன்னான். அவள் கேட்ட அனுமதி எண்ணை நிறுத்தி நிறுத்தி வாசித்தான். அவனுடைய கணக்கு அவள் திரையில் திறந்தது.

மேலே ஓடிய துடிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த துடிப்பு அவனுடையது இல்லை. முதல் வாட்சுக்கு 'நான்' என்று பேர் வைத்திருந்தான். அதில் அறுபதைச் சுற்றி அமைதியான துடிப்பு. இரண்டாவது வாட்சின் பேர் 'விருந்தாளி'. நூற்றைத் தாண்டித் தட்டிக்கொண்டிருந்தது அதுதான். அந்தத் துடிப்பு மட்டும் விட்டு விட்டு வந்தது. ஓடிய பாதை, தூரம், இருக்கும் இடம் எதுவும் வாட்சிலிருந்து மேலே ஏறவில்லை.

சரி, பயிற்சி எடுக்கிற ஆளுடையது என்று சமாதானப்பட்டு அவள் வேலையை ஆரம்பித்தாள். ஆப்பை மூடித் திறக்கச் சொன்னாள். ப்ளூடூத்தை அணைத்துப் போடச் சொன்னாள். பேட்டரியை மிச்சம் பிடிக்கிற செட்டிங் ஆப்பைத் தூங்க வைத்துவிடும், அதை எடுத்துவிடச் சொன்னாள். அவன் நல்ல மாணவனைப்போல ஒவ்வொன்றையும் செய்து, திரையில் வருவதை எழுத்துக் கூட்டி வாசித்தான். அன்று காலையிலிருந்து வந்த அழைப்புகளில் இவ்வளவு மரியாதையான ஆள் இவன்தான் என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

விருந்தாளியின் பயிற்சி விடியற்காலையில் தொடங்கியிருந்தது. இன்னும் முடியவில்லை என்று திரை காட்டியது. யாரோ நிறுத்த மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, பழைய ஓட்டத்தை முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கிப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

"மறக்கலை மேடம். இன்னும் ஓட்டம் முடியலை."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவளுடைய விரல்தான் மௌஸ் மேல் ஒரு கணம் நின்றது.

அடுத்த படி, வாட்சும் போனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். கேட்டாள். வாட்ச் அடுத்த கட்டடத்தில் இருப்பதாகவும், போய்விடலாம் என்றும், லைனிலேயே இருக்கும்படியும் சொன்னான். ஒரு கதவு திறந்தது. தகரக் கூரைமேல் மழை கொட்டுகிற இரைச்சல் ஹெட்செட்டை நிறைத்தது. சரளைக் கல்லில் பூட்ஸ் நடக்கிற சத்தம், சாவிக் கொத்து, துருப்பிடித்த தாழ்ப்பாள் ஒன்று மனமில்லாமல் இழுபடுகிற சத்தம். பிறகு மழை பின்னால் போய்விட்டது. பெரிய காலி இடத்துக்குள் வந்துவிட்டான். அவன் காலடி ஒவ்வொன்றும் சுவரில் போய் மோதித் திரும்பி வந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. அவன் கையில் எடுத்துக்கொண்ட ஏதோ ஒரு இரும்பு, சிமென்ட் தரையில் உரசிக்கொண்டே வந்தது.

அவள் திரையைப் பார்த்தாள். காலடிச் சத்தம் முன்னேற முன்னேற விருந்தாளியின் துடிப்பு ஏறியது. அவன் நின்றபோது அதுவும் ஏறாமல் நின்றது. அவன் மறுபடி நடந்தான். மறுபடி ஏறியது.

ஓடிக்கொண்டிருக்கும் ஆளுக்குத் துடிப்பு ஏறலாம். அங்கே யாரும் ஓடுகிற சத்தம் இல்லை. ஓடாத ஆளுக்கு, ஒருவன் நடந்து வரும் சத்தத்துக்கு, எதற்கு ஏறுகிறது?

"பக்கத்துல வந்துட்டேன் மேடம். இப்ப?"

வாட்சை ஒரு தடவை கழட்டி மறுபடி கட்டிப் பார்க்கச் சொன்னாள். தன் குரல் தனக்கே சற்றுத் தள்ளிக் கேட்டது.

"கழட்ட முடியாது. கை வீங்கிப்போச்சு. வார் உள்ள இறங்கிடுச்சு."

ஏதாவது அடிபட்டிருக்கிறதா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, பழகாத உடம்பு, போகப் போகச் சரியாகிவிடும் என்றான். பிறகு தனக்கு ஒரு சந்தேகம் என்றான். ஆள் நின்றுவிட்டால் வாட்சும் தானாகப் பயிற்சியை நிறுத்திவைத்துவிடுகிறது, அது தொந்தரவாக இருக்கிறது, அதை எடுத்துவிட வழி உண்டா என்று கேட்டான். "ஆளை நிக்க விடாம பாத்துக்கறது என் வேலை. மிஷினும் நிக்கக் கூடாதுல்ல?"

அப்போது அந்தக் காலி இடத்தில் இன்னொரு குரல் கேட்டது. குரல் என்று சொல்ல முடியாது. உதடு கிழிந்த வாயிலிருந்து காற்றோடு கலந்து வந்த சத்தம். ஒரு பெண்ணுடையது. தண்ணீர் என்று சொல்ல முயன்று, பாதியிலேயே உடைந்தது.

"அடுத்த சுத்துக்கு அப்புறம்," என்றான் அவன், போனிலிருந்து முகத்தைத் திருப்பி, அதே தன்மையோடு.

அழைப்பை மியூட்டில் போட்டுவிட்டு எழுந்தாள். முழங்கால் மேசையில் இடித்தது தெரியவில்லை. டீம் லீடர் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து சமோசாவோ என்னவோ மென்றுகொண்டிருந்தான். அவளைவிடச் சின்னவன், எல்லோர் முன்னாலும் அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான். தன்னுடைய ஜிம் மாஸ்டரும் இப்படித்தான் உயிரை எடுப்பான் என்றான். அவள் அவனைத் தன் இருக்கைக்குக் கூட்டிவந்து ஹெட்செட்டை அவன் காதில் வைத்தாள்.

அவன் மெல்லுவதை நிறுத்தினான். ஹெட்செட்டைக் கழட்டி அவளிடம் கொடுத்தபோது அவன் காதோரம் வியர்த்திருந்தது.

"லைனை விட்டுடாதீங்கக்கா. நான் போலீசுக்குப் போடறேன்."

போலீசுக்குச் சொல்ல ஒரு இடம் வேண்டும். அது இல்லை. அழைத்தவன் பதிந்திருந்த முகவரி வெறும் கோடு. போன் நம்பர் இணையத்தில் எடுத்த ஏதோ நம்பர். தன் வாட்ச் இருக்கும் இடம் தெரியாதபடி அடைத்து வைத்திருந்தான். விருந்தாளியின் வாட்சுக்குள் மட்டும் விடியற்காலையிலிருந்து அந்தப் பெண் ஓடிய பாதை முழுவதும் பதிவாகி, வெளியே வர வழியில்லாமல் கிடந்தது. அது ஆப்புக்கு வந்தால் இடம் தெரியும். வராவிட்டால் தெரியாது.

ஆக, அவன் கேட்ட வேலையைத்தான் அவள் செய்தாக வேண்டும். வாட்சில் இருப்பது ஆப்புக்கு வந்து சேர வேண்டும், சிங்க் என்பார்களே, அதைச் சரிபண்ண வேண்டும்.

அவள் உட்கார்ந்தாள். தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தாள். மாமியாரிடம் மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்கிற அதே குரலை எங்கிருந்தோ தேடிப் பிடித்து எடுத்தாள். காத்திருந்ததற்கு நன்றி சொன்னாள். போன் செட்டிங்கில் இருப்பிட அனுமதி அணைந்திருப்பதாகவும், இரண்டு வாட்சுக்கும் அதைத் திறந்துவிட்டால் போதும் என்றும் சொன்னாள்.

மறுமுனையில் தண்ணீர் சொட்டியது. இரும்பு ஒருமுறை தரையில் லேசாகத் தட்டியது.

"நான் எங்க இருக்கேன்னு உங்களுக்கு எதுக்கு மேடம்?"

"எனக்கு வேண்டாம் சார். உங்க போனுக்குத்தான் வேணும். அது இல்லாம பக்கத்துல இருக்கற வாட்சைத் தேட அதுக்குத் தெரியாது. எல்லாருக்கும் இப்படித்தான். காலையில இருந்து இதையே எத்தனை பேருக்குச் சொல்லியாச்சு."

உண்மைதான் அது. அதனால்தான் குரல் நடுங்கவில்லை. சொட்டும் தண்ணீரைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தாள். லீடர் இரண்டு கையாலும் போனைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"குடுத்துட்டேன்," என்றான் அவன்.

வைஃபையில் இரண்டு வாட்சையும் இணைக்கச் சொன்னாள். இணைத்தான். திரையில் ஒரு நீலக் கம்பி மெல்ல நிறைய ஆரம்பித்தது. பாதியில் நின்றது. அவள் மூச்சை விடவில்லை. நகர்ந்தது. நிறைந்தது.

வரைபடம் திறந்தது. ஊருக்கு வெளியே, சரக்கு ரயில் நிற்கிற தண்டவாளத்தை ஒட்டி, பழைய கிடங்குகள். அதில் ஒன்றின் நான்கு சுவருக்குள்ளே, விருந்தாளி ஓடிய பாதை தானாக வரைந்துகொண்டே வந்தது. ஒரு செவ்வகம். அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று. சின்னக் குழந்தை பென்சிலை அழுத்திப் பிடித்துக் காகிதம் கிழிகிறவரைக்கும் கிறுக்கியதுபோலக் கோடு தடித்துக் கறுத்தது. பாதையின் கீழே துடிப்பின் வரைபடம். அந்தப் பெண் எங்கெல்லாம் நின்றாளோ அங்கெல்லாம் துடிப்பு இறங்கியிருந்தது. இறங்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு கூரிய முள்போல மேலே குத்தி ஏறியிருந்தது. உடனே பாதை மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. நின்ற இடம் ஒவ்வொன்றிலும் ஒரு முள். அந்த இரும்பு எத்தனை முறை இறங்கியிருக்கிறது என்பதை அவளால் எண்ண முடிந்தது. எண்ணவில்லை.

லீடர் திரையைப் பார்த்து இடத்தைப் போனில் வாசித்தான். பிறகு பேனாவை எடுத்து அவள் கைக்குப் பக்கத்தில், மேசைமேலேயே கிறுக்கினான். வண்டி கிளம்பிவிட்டது.

"வந்துடுச்சு மேடம்," என்றான் அவன். சந்தோஷப்பட்டான். "ஒவ்வொரு சுத்தும் இருக்கு. இதுக்கு முன்னாடி இருந்தவங்களுக்கு இதெல்லாம் செய்ய முடியலை. அவங்க யாரும் இவ்வளவு தூரம் ஓடவும் இல்லை."

இருந்தவங்க. அவள் அந்தச் சொல்லைத் தாண்டிப் போனாள். அவன் போனை வைத்துவிடக் கூடாது. அதைவிட முக்கியம், அவனை அங்கிருந்து நகர்த்த வேண்டும். இன்னும் ஒரு படி பாக்கி என்றாள். அவன் கையில் இருக்கும் வாட்ச் வானத்தைப் பார்த்துத் தன் இடத்தைச் சரிபார்க்க வேண்டும், வெளியே போய்க் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்றாள். நனைந்துவிடுவேனே என்றான். கூரை ஓரமாக நின்றால் போதும் என்றாள்.

காலடிகள் போயின. மழை திரும்பி வந்தது. வரைபடத்தில் இப்போது இரண்டு புள்ளிகள். நீலப் புள்ளி அவன். கிடங்கை விட்டு வெளியேறி, முற்றத்தைக் கடந்து, மறுகோடியில் போய் நின்றது. சிவப்புப் புள்ளி உள்ளே, ஒரு மூலையில்.

தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கவில்லை.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருந்தாள். வந்தபோது இழுபட்ட அந்தத் தாழ்ப்பாள், போகும்போது இழுபடவில்லை. கதவு திறந்துதான் கிடக்கிறது.

வாட்ச் இணைந்திருக்கிறதா என்று பார்க்க அவர்களிடம் ஒரு வசதி உண்டு. சின்னதாக ஒரு சோதனைச் செய்தி அனுப்பலாம். வாட்ச் அதிரும், எழுத்து தெரியும். அவள் விருந்தாளியைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டு தரம் தப்பாக அடித்து அழித்தாள். கதவு திறந்திருக்கு. அவன் வெளிய தூரத்துல. ஓடிடு.

அனுப்பினாள்.

சிவப்புப் புள்ளி அசையவில்லை. துடிப்பு மட்டும் ஏறியது. வாசித்துவிட்டாள். அந்த முகம் தெரியாத பெண் வீங்கிய கையைத் தூக்கி, வாசித்துவிட்டாள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஹெட்செட்டில் அவனிடம், இன்னும் கொஞ்சம், அப்படியே நில்லுங்கள், நன்றாக வருகிறது என்று பேசிக்கொண்டே இருந்தாள்.

புள்ளி நகர்ந்தது. சுவரோரமாக. மெதுவாக. ஒரு காலை இழுத்துக்கொண்டு போகிறவள்போல விட்டு விட்டு. கதவை நெருங்கியது. நின்றது. கடந்தது. லீடர் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். சிவப்புப் புள்ளி கிடங்குக்கு வெளியே, மழையில், திறந்த வெளியில் இருந்தது.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"என் வாட்ச்ல ஏதோ வந்திருக்கு." அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான், எப்போதும்போல. "கதவு... திறந்திருக்கு. அவன்... வெளிய..."

ஒரே கணக்கு. ஒன்றுக்கு வருவது மற்றதுக்கும் போகும். சிங்க் ஆகிவிட்டது. அவள்தான் சரிசெய்து கொடுத்திருக்கிறாள்.

"நல்லா வேலை செய்யுது," என்றான். "ரொம்ப நன்றி."

நீலப் புள்ளி திரும்பியது.

அவன் ஓடவில்லை. நடந்தான். போன் சட்டைப் பையில் இருந்திருக்க வேண்டும். துணி உரசுகிற சத்தமும், அதற்குள்ளே அவனுடைய மூச்சும். சிவப்புப் புள்ளி வேலியை நோக்கிப் போயிற்று. வேலியோரம் இப்படியும் அப்படியும் அலைந்தது. வழியில்லை. நீலம் நெருங்கியது.

முதல் அடி ஈரமாகக் கேட்டது. இரண்டாவதில் ஏதோ ஒடிந்தது, காய்ந்த குச்சி ஒடிவதுபோல அல்ல, கரும்பு ஒடிவதுபோல, உள்ளே நாரோடு. பெண் கத்தினாள். ஒரே ஒரு முறைதான். அதற்குப் பிறகு கத்துவதற்கான வாய் அவளிடம் இல்லை. இரும்பு ஏறி இறங்கியது. மழைக்கு நடுவே, அவசரமில்லாமல், துணி துவைக்கிறவன் கல்லில் அடிக்கிற ஒழுங்கோடு. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் சேற்றில் ஏதோ தெறித்து விழுந்தது. அவள் ஹெட்செட்டைப் பிய்த்து எறிய நினைத்தாள். கை வரவில்லை. கண் மட்டும் திரையில். 'நான்' என்ற வாட்சின் துடிப்பு எழுபதைக்கூடத் தொடவில்லை.

விருந்தாளியின் கோடு படுத்தது.

துடிப்பு இல்லை, என்றது திரை. வாட்சைச் சரியாகக் கட்டவும்.

அடி நின்றது. அவன் போனை எடுத்தான். மூச்சு லேசாக வாங்கியிருந்தது, மாடிப்படி ஏறியவனைப்போல.

வண்டி அனுப்பியிருப்பீர்கள், பரவாயில்லை என்றான். வருவதற்குள் தான் போய்விடுவதாகச் சொன்னான். கோபம் இல்லை என்றான். பிறகு சொன்னான்: "உங்க குரல் எனக்கு மறக்காது மேடம். நல்ல பொறுமையான குரல்."

திரையில் ஒரு சின்ன வரி தோன்றியிருந்தது. பயிற்சி நின்றால் தானாக நிறுத்திவைக்கிற வாட்ச், ஆள் மறுபடி அசைந்தால் தானாகக் காட்டுகிற வரி.

ஓட்டம் தொடர்கிறது.

துடிப்பு இல்லை. அந்த எழுத்து அப்படியேதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வேலியோரத்திலிருந்து நகர்ந்தது.

கோளாறு என்று நினைத்தாள். புதிதாக இணைத்த வாட்ச் கொஞ்ச நேரம் தடுமாறும். அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். புள்ளி நேராக நீலத்தை நோக்கி வந்தது.

"யாரது?" என்றான் அவன். அவளிடம் கேட்கவில்லை.

ஹெட்செட்டில் மழை. மழைக்குப் பின்னால், சேற்றில் வெறுங்கால். ஒரு கால் ஊன்றியது. ஒரு கால் இழுபட்டது. ஊன்றியது. இழுபட்டது.

'நான்' வாட்சில் எழுபது எண்பதாயிற்று. தொண்ணூறு. அவன் இரும்பை வீசுகிற சத்தம் கேட்டது. அது எதிலோ பட்டது, பொதக்கென்று. காலடி நிற்கவில்லை. இரும்பு கீழே விழுந்தது. அவன் ஓடினான்.

நீலப் புள்ளி முற்றத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு கிடங்குக்குள் நுழைந்தது. கதவை இழுத்தான். துரு கிறீச்சிட்டது. உள்பக்கத் தாழ்ப்பாள் ஏறிய சத்தம் தெளிவாகக் கேட்டது. சிவப்புப் புள்ளி கதவுக்கு வந்தது. நிற்காமல் உள்ளே வந்தது.

பிறகு அந்தப் பழைய பாதை. சுவரோரம். மூலை. சுவரோரம். மூலை. காலையிலிருந்து கறுத்துத் தடித்த அதே கோட்டின்மேல் நீலம் முன்னால், சிவப்பு பின்னால். அவன் பூட்ஸ் சத்தத்தைச் சுவர்கள் திருப்பித் தந்தன. வெறுங்கால் சத்தத்தைத் திருப்பித் தரவில்லை.

நூற்றைம்பது. நூற்றெழுபது.

"மேடம். அதை நிறுத்துங்க."

அவள் திரையில் அந்தப் பொத்தான் இருந்தது. ஓட்டத்தை முடி. அதன்மேல்தான் மௌஸ் அம்பு நின்றுகொண்டிருந்தது. ஒரு அழுத்து. அது நிற்குமோ நிற்காதோ அவளுக்குத் தெரியாது.

"அழுத்துங்க மேடம். அழுத்துங்க. உங்களால முடியும். உங்க திரையில இருக்கும்."

லீடர் அவள் தோளுக்குப் பின்னால் ஏதோ கேட்டான். அக்கா, என்ன நடக்குது, யார் ஓடறாங்க. அவள் மௌஸிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றன்மேல் ஒன்றாக.

அவன் ஒரு மூலையில் வழுக்கினான். முழங்கால் சிமென்ட்டில் அடிபட்டது கேட்டது. எழுந்தான். ஓடினான். அழுதுகொண்டே ஓடினான். அடுத்த மூலையில் நின்றுவிட்டான். மூச்சு கிழிந்தது. நின்றதும் துடிப்பு சற்று இறங்கியது.

பிறகு ஒரு முள், மேலே குத்தி ஏறியது.

அவன் குரல் மேலே போய், மேலே போய், குரலாக இல்லாமல் போயிற்று. ஈரத் துணியைக் கிழிக்கிற சத்தம். தோல் உரிகிற சத்தம். பல் தரையில் உருண்டது, சோழி உருட்டியதுபோல. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நீலக் கோடு துள்ளியது. துவண்டது. படுத்தது.

வாட்சைச் சரியாகக் கட்டவும்.

இரண்டு புள்ளிகளும் ஒரே மூலையில், ஒன்றன்மேல் ஒன்றாக, அசையாமல் நின்றன. தண்ணீர் சொட்டியது. அவள் மூச்சு விட்டாள். எப்போதிருந்து அடக்கி வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. பக்கத்து வரிசையில் தேநீர் குடித்துவிட்டு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே நாற்காலி இழுத்தார்கள். யாரோ விளக்கைப் போட்டார்கள்.

ஹெட்செட்டில் தூரத்தில் சைரன். கதவை இடிக்கிற சத்தம், தாழ்ப்பாள் பெயர்ந்து விழுகிற சத்தம், பல பூட்ஸ்கள். ஒருவர் ஐயோ என்றார். இன்னொருவர் ஓடிப்போய் வாந்தி எடுத்தார். வெகுநேரம் கழித்து யாரோ போனைத் தரையிலிருந்து எடுத்துத் துடைத்தார்கள்.

"யாரும்மா லைன்ல?" வயதான குரல். களைத்திருந்தது.

அவள் தான் யார் என்று சொன்னாள். மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

அந்தப் போலீஸ்காரர் சொன்னார். இருவருக்கும் உயிர் போய்விட்டது. பெண் வேலியோரம் சேற்றில் கிடக்கிறாள், அவள் இறந்து கொஞ்ச நேரமாகியிருக்கும், அந்த இடத்தைவிட்டு அசைந்த தடமே இல்லை. ஆள் இங்கே உள்ளே மூலையில் கிடக்கிறான். அவனை யார் இப்படிச் செய்தது என்றுதான் தெரியவில்லை, கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது, வேறு யாரும் இல்லை.

அவள் திரையைப் பார்த்தாள்.

நீலப் புள்ளி அசைந்தது. மூலையிலிருந்து கிளம்பியது. அதன் பின்னால் சிவப்பு.

"ஐயா," என்றாள். "அங்க யாராவது ஓடறாங்களா?"

"யாரும்மா ஓடப் போறாங்க? பொணத்தைத் தவிர இங்க நாங்கதான் நிக்கறோம்."

சுவரோரம். மூலை. சுவரோரம். துடிப்பு இல்லை, துடிப்பு இல்லை என்று இரண்டு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக. பாதை அழுத்தமாக, இன்னும் அழுத்தமாகக் கறுத்தது. அவர் நின்று பேசிக்கொண்டிருந்த இடத்தை நோக்கி இரண்டு புள்ளிகளும் வந்தன. ஹெட்செட்டில், அவர் குரலுக்குப் பின்னால், வெகு தூரத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. விழுந்தடித்து ஓடுகிற பூட்ஸ். அதோடு ஒரு மூச்சு, அழுகிற மூச்சு. அதற்குப் பின்னால் ஊன்றுகிற கால், இழுபடுகிற கால். சத்தம் நெருங்கியது. பெரிதாகியது. அவர் காதோடு காதாக வந்து, கடந்து, போனது.

அவர் பேச்சு பாதியில் நின்றிருந்தது.

"காத்து," என்றார் பிறகு, தனக்குத்தானே. "மழைக்காத்து."

புள்ளிகள் மூலை திரும்பின.